198-ல் பேசியவர்

198-ஐச் சுழற்றினால் ஒரு மனிதர் பேசுவார். தொலைபேசிப் பழுதைப் பதிவு செய்யும் எண் அது. நம் வீட்டு போன் செத்துக் கிடக்கும் என்பதால், பக்கத்து வீட்டிலிருந்தோ தெருமுனை பி.சி.ஓ.விலிருந்தோதான் கூப்பிட வேண்டும். மணி வெகுநேரம் அடிக்கும். எடுத்ததும், "ம்... நம்பர் சொல்லுங்க" என்று களைத்த குரல் ஒன்று வரும். அதற்குப் பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தமும், அடுத்த மேஜைக்காரர் வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் கேட்கும். நம்பரைச் சொல்லி, "நேத்து மழையிலேருந்து டயல் டோனே இல்ல சார்" என்றால், "பொழிச்சலூரா? அந்தப் பக்கம் பூரா கேபிள் போயிருக்கு. ரெண்டு நாள் ஆகும்" என்பார். ரெண்டு நாள் என்பது நாலு நாள் ஆகும், சில சமயம் பத்து நாளும் ஆகும். ஆனாலும் ரிசீவரை வைக்கும்போது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டுக்கு மட்டும் வந்த கேடு இல்லை என்று நமக்கும் தெரிந்துவிட்டது.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பெயர் தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே ஆள்தானா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் சில வருடங்களாக நான் ஏங்குவது அந்தக் குரலுக்குத்தான்.

இப்போது எந்தச் சேவை எண்ணுக்குப் போட்டாலும் பிசிறில்லாத, எப்போதும் உற்சாகம் குறையாத ஒரு பதிவுக்குரல் எடுக்கிறது. தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொல்கிறது. பில் விவரத்துக்கு ஒன்று, புதிய திட்டங்களுக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று. புகாரை அழுத்தினால் அதற்குள் இன்னும் நாலைந்து கிளைகள். கடைசியில், பிரதிநிதிகள் எல்லாரும் வேறு வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு இசையைப் போட்டுவிடுகிறது. இசை முடிந்து நம்மை மறுபடி முதல் கேள்விக்கே கொண்டுபோய் விடும்போது, தவறு நம்மிடம்தானோ என்ற கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி, பம்மல் வழியாக ஷேர் ஆட்டோவில் வந்தால் பொழிச்சலூர். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் அடையாறு. சனிக்கிழமைகளில் வடதிருநள்ளாறு என்று சொல்லப்படும் அகஸ்தீஸ்வரர் கோயிலுக்கு, சனீஸ்வரனைக் கும்பிட வெளியூர்க்காரர்களும் கூட்டமாக வருவார்கள். ஊருக்குள் யாரும் கதவு எண் சொல்லி வழி கேட்பதில்லை. கோயிலுக்குப் பின்னால், பழைய ரேஷன் கடைக்கு எதிர்ச்சந்து, வேப்பமரம் இருந்த வீடு என்றுதான் எல்லாரும் அடையாளம் வைத்திருந்தோம். மரம் போய்ப் பல வருடம் ஆன பிறகும் அந்த அடையாளம் போகவில்லை.

எங்கள் தெருவுக்கு போன் மெதுவாகத்தான் வந்தது. நாடு முழுக்க அப்போது அப்படித்தான். கேட்டவர்களுக்கெல்லாம் 1997-க்குள் தொலைபேசி என்று 1994-ஆம் ஆண்டு தேசிய தொலைத்தொடர்புக் கொள்கை இலக்கு வைத்தது என்றால், அதற்கு முன் எத்தனை பேர் எத்தனை வருடம் காத்துக் கிடந்திருப்பார்கள்! போன் இருந்த வீடு தெருவுக்கே பொது. கல்யாணப் பத்திரிகையிலும் வேலை விண்ணப்பத்திலும் அந்த வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோம். ஊரிலிருந்து கால் வந்தால் அந்த வீட்டு அக்கா காம்பவுண்டு சுவர்மேல் எட்டிப் பார்த்து, "மதுரையிலேருந்து மாமா பேசறாரு, சீக்கிரம் வா" என்பார். முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடுவாள் அம்மா. யாருக்கு எது அவசரம், எந்தச் செய்தியை மெல்லச் சொல்ல வேண்டும் என்று அந்த அக்காவுக்குத் தெரியும். சாவுச் செய்தி வந்தால் கூப்பிட மாட்டார். நேரே வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மழை பெய்தால் லைன் போகும், வெயில் அடித்தால் கொரகொரவென்று இரையும். நாம் பேசுவதற்கு நடுவே யாரோ இரண்டு பேரின் வியாபாரப் பேச்சு வந்து விழும். கோடையில் கரண்ட் போய் மின்வாரிய ஃப்யூஸ் ஆஃப் கால் எண்ணுக்குப் போட்டால் எந்நேரமும் எங்கேஜ்டு டோன்தான். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அப்புறம் தெருவில் நாலு பேராகச் சேர்ந்து, டார்ச் லைட்டோடு ஆபீசுக்கு நடப்பார்கள். அங்கே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். கத்தினால் அவரும் திருப்பிக் கத்துவார். ஆனால் ஏணியையும் எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பியும் வருவார். கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் இருந்தார். அதன் அருமை அப்போது தெரியவில்லை.

இயந்திரம் வந்ததற்கும் நான் எதிரி இல்லை. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறந்தபோது, ஒவ்வோர் இணைப்பையும் ஒரு மனிதக் கைதான் கொடுத்தது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் 180-ஐக் கூப்பிட்டு டிரங்க் கால் புக் செய்துவிட்டு, நாள் முழுக்க போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் நடுவில் வந்து, நேரம் முடிந்தது என்பார். 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்து, பிறகு நாடெங்கும் பரவி, பல்லாவரம் வரைக்கும் மஞ்சள் போர்டு பூத்துகள் முளைத்தபோது, அது ஒரு விடுதலைதான். இரவு நேரக் குறைந்த கட்டணத்துக்காகப் பூத் வாசலில் வரிசையில் நின்றவர்கள் யாரும் டிரங்க் ஆபரேட்டரை நினைத்து வருந்தவில்லை.

தானியங்கித் தொலைபேசி பிறந்ததே மனிதர்மேல் இருந்த சந்தேகத்தில்தான் என்று ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குகளுக்கு ஏற்பாடு செய்து தரும் தொழில் நடத்தியவர் அல்மான் ஸ்ட்ரோஜர். அவருக்கு வர வேண்டிய அழைப்புகளை, போட்டிக்காரரின் உறவுக்காரியான ஆபரேட்டர் அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார் என்று கருதி, ஆபரேட்டரே தேவைப்படாத இணைப்புக் கருவியை அவர் வடிவமைத்தாராம். கதை எப்படியோ, அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1891-ல். அடுத்த ஆண்டே இண்டியானாவின் லா போர்ட் என்ற ஊரில் அந்த முறையில் ஒரு நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு இணைக்க நேர்மையும் வேகமும் போதும். அதில் இயந்திரம் மனிதரை மிஞ்சியது நியாயம்தான்.

நாம் தடம் மாறியது அதற்குப் பிறகு. இணைப்பதற்கு வந்த இயந்திரத்தைக் குறை கேட்கும் நாற்காலியிலும் உட்கார வைத்தோம்.

அந்த இயந்திரத்துக்கு எவ்வளவு காது கேட்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பொத்தானை அழுத்தினால் வரும் 'பீப்' ஒரே ஒலியாகத் தெரிந்தாலும், உண்மையில் இரண்டு ஒலிகளின் கலவை. பொத்தான்களின் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் ஓர் அதிர்வெண், ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் ஓர் அதிர்வெண். ஒன்றை அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து போகும். 1963-ல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் பொதுமக்களுக்குக் கொண்டுவந்த முறை இது. பத்து எண்கள், ஒரு நட்சத்திரம், ஒரு ஹாஷ்: மொத்தம் பன்னிரண்டு ஒலிகள். சேவை எண்ணின் மறுமுனையில் இருக்கும் கணினிக்கு நம் வாழ்க்கையில் கேட்பதெல்லாம் இந்தப் பன்னிரண்டுதான். அம்மாவின் பென்ஷன் நின்றது, வடிகால் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துப் போட்டது, செத்துப்போன அப்பாவின் பெயரில் இன்னும் பில் வருவது என்று எதுவானாலும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

பொழிச்சலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிப்பாடு உண்டு. எங்கள் பின்கோடு 600074. கடிதத்தில் சென்னை என்றுதான் எழுதுகிறோம். எஸ்.டி.டி. கோடும் சென்னையின் 044. ஆனால் மாவட்டம் செங்கல்பட்டு. 2019-க்கு முன்னால் அது காஞ்சிபுரம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் அதில் சேர்ந்தன. ஒட்டியே இருந்தும் பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. "சென்னை வாடிக்கையாளர் என்றால் ஒன்றை அழுத்தவும், மற்ற மாவட்டங்களுக்கு இரண்டை அழுத்தவும்" என்று பதிவுக்குரல் கேட்கும்போது நாங்கள் எதை அழுத்துவது? ஒன்றை அழுத்தினால் உங்கள் பகுதி எங்கள் எல்லையில் இல்லை என்று வரும். இரண்டை அழுத்தினால் பின்கோடு பொருந்தவில்லை என்று வரும். 198-ல் இருந்தவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. "பொழிச்சலூரா?" என்று கேட்டு முடிப்பதற்குள் எங்கள் தெருவில் பாதி அவர் மனசுக்குள் வந்திருக்கும்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு நிறுவனத்தின் இணையக் கேபிள் எங்கள் தெருவில் அறுந்தது. அம்மா தனியாக இருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் பேத்தியை அவள் பார்ப்பது அந்த இணைப்பில்தான். சேவை எண்ணுக்குத் தானே போட்டிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது பதிவுக்குரலிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மாடி, கொஞ்சம் இரும்மா. நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு. ரோட்டுல ஒயர் அறுந்து தொங்குதும்மா, பசங்க விளையாடற எடம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் அவளுக்கு வழிவிடாமல் அடுத்த எண்ணைச் சொல்லிக்கொண்டே போனது. அது ஒரு பதிவு என்று அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பெண்ணின் குரல் காதில் விழும்போது அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. அவள் அறுபது வருடம் அப்படித்தான் பேசிப் பழகியவள்.

பிறகு நான் உட்கார்ந்து எண்களை அழுத்தி, டாக்கெட் நம்பர் வாங்கினேன். யாரும் வரவில்லை. ஆனால் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. ஒயர் அதே இடத்தில் தொங்கியது. மறுபடி அழைத்தால், தீர்ந்த புகாரைத் திறக்க வழியில்லை. புதிதாகப் பதிய வேண்டும். கடைசியில் தெருவில் வேறொரு வேலையாக வந்த கேபிள் பையன்தான் ஏறிக் கட்டிவிட்டுப் போனான். நிறுவனத்தின் கணக்கில் எங்கள் புகார் உரிய காலத்தில் தீர்ந்த புகார்களில் ஒன்றாக இருக்கும். என்னை உலுக்கியது தாமதம் இல்லை. பழைய லைன்மேனும் தாமதமாகத்தான் வருவார். ஆனால் வராமலே வந்ததாக எழுதினால், அடுத்த நாள் அதே தெருவில் சைக்கிளில் போகும்போது அவரை நிறுத்திக் கேட்க முடியும்.

அந்த லைன்மேன்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. 2020 ஜனவரி 31. அன்று ஒரே நாளில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். நிறுவனத்தின் நிதி நிலைமை அப்படி. போனவர்களில் பலரும் விரும்பியே போனார்கள். ஆனால் எந்தப் பில்லரில் எந்த ஜோடி ஒயர் எந்த வீட்டுக்குப் போகிறது, எந்த டி.பி. பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கும், எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களோடு போயிற்று. அது எந்த ஃபைலிலும் எழுதப்படாத அறிவு. முப்பது வருடம் ஒரே ஊரைச் சுற்றியவருக்குத்தான் அது சேரும்.

மறுமுனையில் இன்று அபூர்வமாகக் கிடைக்கும் மனிதர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் ரேடியல் ரோட்டில் ராத்திரி நேரத்தில் நின்றால், கால் சென்டருக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டிகளைப் பார்க்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதில் போகிறார்கள். ஓர் அழைப்பை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று நொடிக்கணக்கில் அளக்கப்படும் வேலை அது. என்ன சொல்ல வேண்டும் என்பது திரையில் எழுதியிருக்கும். "எனக்குப் புரியுதும்மா, ஆனா எங்கிட்ட அதுக்கு ஆப்ஷன் இல்ல" என்று ஒருமுறை ஒரு பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கேட்கும் மனசு அவளிடம் இருந்தது. கேட்டபின் எதையாவது செய்யும் அதிகாரம்தான் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை.

எல்லா இடத்திலும் மனிதக் குரல் போய்விடவில்லை. எங்கெல்லாம் அதை விட்டுவைத்திருக்கிறோம் என்று பார்த்தால், அதன் மதிப்பு நமக்கே தெரிந்துதான் இருக்கிறது என்பது விளங்கும். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதற்குப் போட்டால் நெஞ்சுவலிக்கு ஒன்று, விபத்துக்கு இரண்டு என்று யாரும் சொல்வதில்லை. ஓர் ஆள் எடுத்து, என்ன ஆச்சு, எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்கிறார். சனீஸ்வரன் கோயில் என்று சொன்னால் போதும், வண்டி வந்து நிற்கிறது. 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பில், வாழப் பிடிக்காமல் கூப்பிடுகிறவரின் பேச்சைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். மின்வாரியம் 2021 ஜூனில் திறந்த மின்னகம் என்ற புகார் மையத்தின் எண்ணில், எந்த நேரத்திலும் ஓர் ஆள் எடுத்துப் பேசுகிறார். இணைப்பு எண்ணைக் கேட்பார், எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எங்கே என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் தெருவே இருட்டில் கிடக்கும்போது எதிர்முனையில் "சொல்லுங்க" என்று ஒரு குரல் வருவது பெரிய காரியம்.

சிலிண்டர் புக் செய்யப் பதிவுக்குரல் போதும். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. பேலன்ஸ் பார்க்க, பில் கட்ட, தேதி மாற்ற அது இருக்கட்டும். ஆனால் குறை என்பது எப்போதுமே பட்டியலுக்கு வெளியே நடப்பது. பட்டியலில் உள்ளபடியே எல்லாம் நடந்திருந்தால் நாம் போனே எடுத்திருக்க மாட்டோம். சொல்லச் சொல்லத்தான் என்ன பிரச்சினை என்பது நமக்கே தெளிவாகிறது. எதிரே இருப்பவர் நடுவில் ஒரு கேள்வி கேட்க வேண்டும், "அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?" என்று.

இந்தத் தேவை சட்டத்துக்கும் தெரியாதது இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ல் கொண்டுவந்த நுகர்வோர் குறைதீர்ப்பு விதிமுறைகள், பதிவுக்குரல் எப்படி அமைய வேண்டும் என்று வகுத்திருக்கின்றன. முதல் படியில் மொழி. இரண்டாவது படியில் குறைகளின் வகைகள். மூன்றாவது படியில் ஆளிடம் பேசும் வாய்ப்பு. மூன்று படிக்குள் ஒரு மனிதர் வந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள். போன் நிறுவனங்களுக்கு எழுதிய அந்த விதி வங்கிக்கும் காப்பீட்டுக்கும் கூரியருக்கும் ஆன்லைன் கடைக்கும் வர வேண்டும். அந்த வாய்ப்பைக் காட்டிவிட்டு, இசையிலேயே கரைத்து இணைப்பைத் துண்டிப்பவர்களிடம் அதற்கான பதிலைக் கேட்க வேண்டும். புகார் தீர்ந்ததா என்பதை நிறுவனம் சொல்லக் கூடாது, புகார் கொடுத்தவர் சொல்ல வேண்டும்.

இப்போது செயற்கை அறிவுக் குரல்கள் வருகின்றன. எண்ணை அழுத்த வேண்டாம், பேசினாலே போதும் என்கிறார்கள். எங்கள் ஊரில் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்குமேல் விமானம் இறங்கும். அந்த இரைச்சல் அடங்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருப்பது பொழிச்சலூர்க்காரர்கள் எல்லாருக்கும் பழக்கம். நாம் நிறுத்திய அந்த நேரத்தில், பதில் இல்லை என்று அந்தச் செயற்கைக் குரல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. ஒருநாள் அதுவும் சரியாகலாம். என் தமிழ் அதற்கு முழுக்கப் புரியலாம். புரிந்தபின், தொங்கும் ஒயரின் கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றதும் பதறி, இன்றைக்கே ஆளை அனுப்பி, அனுப்பியதற்குத் தன் பெயரில் பொறுப்பேற்க யார் இருப்பார்கள்?

198-ல் பேசியவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, நாற்காலி இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. ஊரார் சொல்வதைக் கேட்பதை ஒரு வேலையாக நினைத்து, இந்த நாடு அதற்குப் பணம் ஒதுக்கியிருந்தது. வேலையில் அவர் சலித்துக்கொண்டிருக்கலாம். சில நாள் எரிந்தும் விழுந்திருக்கலாம். இருந்தாலும் எங்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. நான் திரும்பக் கேட்பது அந்தப் பழைய கறுப்பு போனை இல்லை. கேட்பதும் ஒரு வேலைதான். அதைச் செய்ய ஓர் ஆளை உட்காரவைத்து, அவருக்கு அதிகாரத்தையும் சம்பளத்தையும் கொடுங்கள் என்பதைத்தான்.